இதர 317: உயர்த்தி இறக்குதல் தொடர்பாக

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்று மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகளைச் சிலர் வரிசைப்படுத்துகிறார்கள். பாவம், அவர்கள் அலுவலகம் எதிலும் வேலை பார்த்ததில்லை. நெருப்பு சுடும், சக்கரம் கழலும், அச்சு இயந்திரம் பிழை விடும். யாரையும் சுடாமல், எங்கும் கழலாமல், இன்றுவரை ஒரு தவறும் செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும் கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்றுதான். அது 'விளக்கம் கோரப்படுகிறது' என்ற வாசகம். அதை முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அதை ஒரு கலையாக வளர்த்தவன் யாரென்று கேட்டால், அடக்கம் தடுத்தாலும் சொல்லிவிடுகிறேன்: அடியேன்தான்.

பொதுக்கூட அனுமதி அலுவலகத்தில் 'இதர' பிரிவுக்கு நான் பொறுப்பாளர். ஊரில் எந்தக் கூடத்தில் நாலு பேர் சேர்ந்து எதைச் செய்வதானாலும் எங்கள் அனுமதி வேண்டும். பாட்டு, நாடகம், கண்காட்சி, கண் பரிசோதனை என்று நாற்பத்திரண்டு தலைப்புகள் உண்டு. அவற்றில் அடங்காத எல்லாம் என் மேசைக்கு வரும். பதினோரு வருடங்களில் ஒரு விண்ணப்பத்தைக்கூட நான் நிராகரித்ததில்லை. பத்து முறை தொடர்ச்சியாக 'நிராகரிப்பில்லா அலுவலர்' கேடயம் வாங்கியிருக்கிறேன். வீட்டில் அலமாரி போதாமல் இரண்டு கேடயங்கள் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

என் முறை எளிமையானது. ஒரு கடிதத்துக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரே கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டால் விண்ணப்பதாரர் குழம்பிப்போவார், அது மனிதாபிமானம் ஆகாது. ஒன்றைக் கேட்பேன், பதில் வரும், அந்தப் பதிலின் வயிற்றிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக விண்ணப்பதாரரின் பெயரையும் மூல விண்ணப்பத்தையும் நான் பார்ப்பதே இல்லை. அவை தபால் எழுத்தரின் பீரோவில் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கும். அவர் கைப்பட எழுதித் தரும் 'பொருள் சுருக்கச் சீட்டு' மட்டும்தான் என்னிடம் வரும். என் கேள்வியை அவரே முகவரி எழுதி அனுப்பிவிடுவார்.

உதாரணத்துக்கு 'இதர 317' என்ற கோப்பைச் சொல்லலாம். என் கலையின் உச்சம் அது. சீட்டில் எழுதியிருந்த பொருள்: 'நீளமான மரப்பொருட்களைக் கூடத்தினுள் உயர்த்தி இறக்குதல் தொடர்பாக.' யாரோ மரக்கடைக்காரர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். என்ன மரம் என்று கேட்டேன். 'ஓக் மரம்' என்று பதில் வந்தது. எத்தனை லாரி என்று கேட்டேன். 'லாரி இல்லை, ஆளுக்கு ஒன்று, கையில்' என்றார். ஒரு கையில் பொருள் இருக்கும்போது மற்றொரு கை என்ன செய்யும் என்று கேட்டேன். 'அதுவும் அதையேதான் பிடித்திருக்கும்.' உயர்த்திய பொருள் இறங்கும்போது எவர் மீதேனும் விழுமா என்று கேட்டேன். 'விழாது. விழாமல் இருக்கத்தான் பயிற்சி.' ஒன்றரை வருடத்தில் பதினோரு கேள்வி, பதினோரு பதில். இப்படிப்பட்ட பொறுமைசாலி மரக்கடைக்காரரை நான் கண்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மனைவி வாள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள்.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். அறுபது அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, மேலே காகிதத்தில் போட்டிருக்கும் கோட்டின் மீது இயந்திரக் கத்தியை ஓட்டுவாள். கை ஒரு நூல் பிசகினால் அறுபது சட்டை போச்சு. பதினாறு வருட மணவாழ்க்கையில் அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. கேட்டால் நான் விளக்கம் கேட்பேன் என்ற பயமாகக்கூட இருக்கலாம்.

"ஏங்க, ஜப்பான்ல பழைய முறை வாள்பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. அத நான் கத்துக்கணும்."

"யார வெட்டப் போற?" என்றேன்.

"யாரையும் இல்ல. ஃபோன்ல ஒரு அம்மா பண்றதப் பாத்தேன், வயசு அறுபதுக்கு மேல இருக்கும். மண்டி போட்டு உக்காந்திருக்காங்க. எந்திரிச்சதும் தெரியல, வாள உருவினதும் தெரியல, எதிர்ல நிக்க வெச்சிருந்த பாய்ச்சுருள் ரெண்டா இருக்கு. அத உறையில திரும்பப் போடத்தான் அவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டாங்க."

"சரி, அதனால உனக்கு என்ன?"

"நாள் முழுக்க மத்தவங்க போட்ட கோட்டு மேலயே வெட்டிட்டு இருக்கேன். கோடு இல்லாம ஒரு தடவ வெட்டிப் பாக்கணும். அவ்ளோதாங்க."

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் இன்னொரு ஊரில் அவள் தொழிற்சாலை புதுக் கிளை திறக்கிறதாம். அங்கே வெட்டுப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு தருகிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த ஊரில் வாள்பயிற்சிக் கூடமும் இருக்கிறதாம்.

"இங்கயே ஒரு எடம் கிடைச்சா நான் எங்கயும் போகல. கிடைக்கலன்னா போறேன். கோவமெல்லாம் இல்ல, சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னால், அவள் சொன்னதைச் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் பத்துக் கேடயங்களோடு நான் என்ன பேசுவது? "ஒரு மாசம் தாராளம். தேடறது எப்படின்னு எனக்குத் தெரியாதா?" என்று மார்தட்டினேன். நவீன நகரம் ஒன்றில் கிடைக்காத வித்தை உண்டா என்ன.

முதலில் போனது 'போர்வீரர் உடற்கட்டு மையம்.' வாசலிலேயே 'சாமுராய் கார்டியோ' என்று பலகை. உள்ளே முப்பது பேர் மின்விளக்கு எரியும் பிளாஸ்டிக் குழாய்களைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டு காதைப் பிளந்தது. பயிற்சியாளர் கன்னத்தில் ஒலிவாங்கி ஒட்டியிருந்ததால் பக்கத்தில் நின்ற எங்களிடமும் ஒலிபெருக்கி வழியாகவே பேசினார்.

"வாள எப்படிப் பிடிக்கணும் சார்?" என்று கேட்டாள் மனைவி.

"எப்படி வேணா பிடிங்க மேடம். ஃபீல்தான் முக்கியம்" என்று நாலு மூலையிலிருந்தும் பதில் வந்தது.

"யார் மேலயாவது பட்டா?"

"படட்டும் மேடம். பட்டா பச்சை லைட் எரியும்."

எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. பாதுகாப்பு, இசை, பச்சை விளக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ். மனைவி மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்தது ஒரு ஓட்டல் அரங்கத்தில் நடந்த 'உன்னுள் உறங்கும் சாமுராய்' என்ற இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிலரங்கம். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த அறுபது மேலாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத வாளை இல்லாத உறையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்கள். வரும்போதே சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு வேகமாக ஒரு வித்தையைக் கற்பித்து முடித்த நிறுவனத்தை உலகம் கண்டிருக்காது.

மனைவி கையைத் தூக்கினாள். "வாள் எங்க சார் இருக்கு?"

மேடையில் இருந்தவர் கருணையோடு புன்னகைத்தார். "வாள் உங்களுக்குள்ள இருக்கு மேடம்."

"உள்ள இருக்கறது எனக்கும் தெரியும் சார். வெளிய எடுக்கத்தான் வந்தேன்."

"எடுத்து என்ன பண்ணப் போறீங்க? உங்க டார்கெட் என்ன?"

"பாய்" என்றாள் மனைவி.

அரங்கத்தில் அறுபது பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பயிலரங்கத்தின் தவநிலையைக் கலைத்த குற்றத்துக்காக எங்களை மரியாதையோடு வெளியே அனுப்பினார்கள். சான்றிதழைத் திருப்பி வாங்கவில்லை, நல்ல மனிதர்கள். 'சாமுராய், நிலை ஒன்று' என்று என் பெயர் போட்டிருந்ததை நான் அன்றே சட்டம் போட்டு மாட்டினேன்.

மூன்றாவது, ஒரு புகைப்பட நிலையம். அங்கே பட்டு அங்கி, மரச்செருப்பு, தெர்மாகோல் மலை எல்லாம் தயாராக இருந்தன. புகைப்படக்காரர் மனைவியின் கையில் ஓர் அட்டை வாளைக் கொடுத்து நிற்கச் சொன்னார். அவள் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவைக் கீழே இறக்கினார்.

"அம்மா, நீங்க நெஜமாவே கத்துக்கணும்னு வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க. மூணு வாரமா அலையறோம்."

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? நாலு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அந்த ஊர்லயே பன்னெண்டு வருஷம் இருந்து கத்துக்கிட்டு வந்தவங்க. போஸ்ல கை எங்க வெக்கணும்னு எனக்குச் சொல்லித் தந்ததே அவங்கதான். என்ன, ஏதோ ஒரு ஆபீஸ்ல அனுமதி கிடைக்காம ரொம்ப நாளா கிளாஸ் ஆரம்பிக்க முடியாம இருக்காங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. கலைக்குக் குறுக்கே நிற்கும் அந்த அலுவலகம் எது? வழியெல்லாம் மனைவியிடம் முழங்கிக்கொண்டே போனேன். "இவங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்கள மாதிரி அலுவலருக்கும் கெட்ட பேரு. அங்க எவன் உக்காந்திருக்கான்னு மட்டும் தெரியட்டும், நான் பாத்துக்கறேன்." மனைவி நெடுநாளைக்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

லென்ஸ் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கடையின் பின்னறையில் சுழலும் கல்லில் ஒரு கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலையை முடித்துத் துடைத்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். மனைவி வந்த காரணத்தைச் சொன்னதும், மூலையில் சாத்தியிருந்த மரவாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தூக்குங்க. தலைக்கு மேல. ம், இப்ப எறக்குங்க. இடுப்புக்கு நேரா நிறுத்துங்க."

மனைவி தூக்கினாள், இறக்கினாள். வாளின் முனை துளிகூட ஆடாமல் நின்றது.

"என்ன வேலம்மா பாக்கறீங்க?"

"துணி வெட்டறேங்க்கா."

"அதான் பாத்தேன். கை நடுங்கவே இல்ல. ஒரு வருஷத்துல பாயி என்ன, மூங்கிலே வெட்டுவீங்க. ஆனா இந்த ரூம்ல முழுசா தூக்கினா கூரை இடிக்கும். பின்னால தெருவுல ஒரு கூடம் பேசி வெச்சிருக்கேன். அனுமதி மட்டும் வந்துட்டா நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

மனைவியின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். "எந்த ஆபீஸ் மேடம்? கடிதத்தக் காட்டுங்க. அந்த ஆள ஒரு வழி பண்ணிடறேன்."

அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். பதினோரு கடிதங்கள், தேதி வரிசையில் துளையிட்டு நூலில் கோத்திருந்தன. மேலே இருந்த கடிதத்தின் அடியில் ஒரு கையெழுத்து. மயில் தோகை விரித்தது போல, வால் மட்டும் மூன்று அங்குலம். ஊரிலேயே அப்படிக் கையெழுத்துப் போடுகிறவன் ஒருவன்தான்.

"எனக்கு அவசரமா ஒரு வேலை இருக்கு" என்றேன்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. முதல் கடிதத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். "'மேற்படி மரப்பொருள் எந்த மரத்தினால் ஆனது என விளக்கம் கோரப்படுகிறது.' ஏங்க்கா, நீங்க என்னன்னு எழுதி அனுமதி கேட்டீங்க?"

"'பழைய ஜப்பானிய வாள்பயிற்சி வகுப்பு'ன்னு தெளிவாத்தாம்மா எழுதினேன். தபால் பிரிவுல இருந்த சார் வெளிய வந்து, 'வாளுன்னு போட்டா காவல்துறைக்கு அனுப்பணும், அங்க ஆறு வருஷம் ஆகும், நான் வேற மாதிரி எழுதிடறேன்'னாரு. நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"நல்ல மனுஷன்தான்" என்றேன் நான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மனைவி ஒவ்வொன்றாக வாசித்தாள். எத்தனை லாரி என்ற இடத்தில் அவள் உதடு துடித்தது. மற்றொரு கை என்ன செய்யும் என்ற இடத்தில் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். 'இறக்கப்பட்ட பொருள் மீண்டும் உயர்த்தப்படுமெனில், முதலில் இறக்கியதன் நோக்கம் யாது?' என்ற ஒன்பதாவது கேள்விக்கு இருவரும் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டேன்.

"ஒரு விதத்துல உங்களுக்கு நன்றி சொல்லணும் சார்" என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க குருகூட என்னை இவ்ளோ பொறுமையா இருக்கப் பழக்கல."

வெளியே வந்ததும் மனைவி சிரிப்பை நிறுத்தினாள். "நாளைக்குத் திங்கக்கெழம. நான் கம்பெனிக்கு வெள்ளிக்கெழம பதில் சொல்லணும். கையெழுத்தப் போட்டுட்டு வாங்க."

இதைவிட எளிய வேலை உண்டா? திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்கு அரை மணி முன்னதாகவே போனேன். 317-ஐ எடுத்து மேசையில் வைத்தேன். 'அனுமதி அளிக்கப்பட்டது' முத்திரையைத் தேடினேன். இழுப்பறையில் இல்லை, பீரோவில் இல்லை. கடைசியில் தபால் எழுத்தர் ஓர் அட்டைப்பெட்டியின் அடியிலிருந்து கண்டெடுத்தார். கடையில் சுற்றிக் கொடுத்த காகிதம் இன்னும் பிரிக்காமல் இருந்தது. பதினோரு வருடங்களில் நான் யாரையும் நிராகரித்ததில்லை என்று சொன்னேனே, அனுமதித்ததும் இல்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

காகிதம் கிழியும் சத்தம் கேட்டு எங்கள் அதிகாரி அறையிலிருந்து எழுந்து வந்தார். "என்ன அது?"

"ஒரு அனுமதி சார்."

"ஓ." அவர் முத்திரையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாராளமா போடுங்க, உங்க அதிகாரம் அது. நான் குறுக்க வரமாட்டேன். வெள்ளிக்கெழம உங்களுக்குப் பதினோராவது கேடயம். அத மட்டும் ஞாபகப்படுத்தறேன். நாளைக்கு அந்தக் கூடத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, 'யாரு கேள்வி கேட்டது'ன்னு எவனும் கேக்கமாட்டான். 'யாரு அனுமதிச்சது'ன்னுதான் கேப்பான்."

அவர் போய்விட்டார். பேனாவைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடத்தான் திறந்தேன். அப்போது ஒரு காட்சி மனதில் வந்தது. மனைவி வாளைத் தலைக்கு மேல் தூக்குகிறாள், மேலே மின்விசிறி சுழல்கிறது. கட்டிய மனைவி மீது அக்கறை இல்லாதவனா நான்? கை தானாக எழுதியது: 'கூடத்தின் மின்விசிறி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என விளக்கம் கோரப்படுகிறது.' மறக்காமல் மேலே 'மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டினேன். என் பணிக்காலத்திலேயே முதல் சிவப்புச் சீட்டு அது. அன்பு இல்லாமல் அதை ஒட்ட முடியுமா?

அன்று வீட்டில் மனைவி கேட்டாள். "போட்டாச்சா?"

"கிட்டத்தட்ட" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியமே பதில் நேரில் வந்து சேர்ந்தது: 'கூடத்தில் மின்விசிறி கிடையாது.' அப்பாடா என்று பேனாவைத் திறந்தேன். மின்விசிறியே இல்லாத கூடத்தில் இருபது பேர் மூச்சிரைக்க உயர்த்தி இறக்கினால் காற்றுக்கு என்ன வழி? இதையும் தெளிவுபடுத்திவிட்டால் கோப்பு குறையே இல்லாமல் ஆகிவிடும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடலாம். ஒரே ஒரு கேள்விதானே. இரண்டாவது சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது. இந்த முறை எழுத்து வேறாக இருந்தது. பதினாறு வருடங்களாக மளிகைப் பட்டியலில் நான் பார்த்துவரும் அதே கையெழுத்து.

'கூடத்துக்கு நான்கு ஜன்னல்களும் ஒரு கதவும் உண்டு. விண்ணப்பதாரர் அந்தக் கதவு வழியாக வெளியேறுகிறார். விண்ணப்பம் திரும்பப் பெறப்படுகிறது.'

அந்த இன்னொரு ஊர்க் கூடத்தில் இரண்டாவது ஆசிரியர் தேவைப்பட்டதாம். லென்ஸ் அக்காவும் என் மனைவியும் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போனார்கள். சொன்னபடியே அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். மரவாளைத் துணியில் சுற்றித் தோளில் மாட்டியிருந்தாள். நான் பெட்டியைத் தூக்கி மேல்தட்டில் வைத்தேன். "பாத்துத் தூக்குங்க, எறங்கும்போது யார் மேலயாவது விழப் போகுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அன்று மாலை விழாவில் 317-ஐ முன்மாதிரிக் கோப்பு என்று அதிகாரி பாராட்டினார். நிராகரிப்பு இல்லை, அனுமதி இல்லை, விண்ணப்பதாரரே மனம் மகிழ்ந்து திரும்பப் பெற்றிருக்கிறார். ஓர் அலுவலகம் இதைவிடப் பரிசுத்தமாக இயங்க முடியுமா என்று கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பதினோராவது கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கே வைப்பது என்று கேட்க ஆள் இல்லை. அவள் தலையணை மீது வைத்தேன், நன்றாக இல்லை, எடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு கடிதம் எழுதினேன். அலுவலக நடையெல்லாம் இல்லை. 'நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. எப்போது வருவாய்?' என்று மட்டும் எழுதி, மயில் தோகை போட்டு அனுப்பினேன். நாலே நாளில் பதில் வந்தது. எவ்வளவு நேர்த்தியான பதில் தெரியுமா? ஓரம் விட்டு, தேதியிட்டு, பொருள், பார்வை எல்லாம் போட்டு. எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக எழுத ஆள் கிடையாது. பெருமையில் நெஞ்சு விம்ம வாசித்தேன்.

'பொருள்: வீடு திரும்புதல் தொடர்பாக. பார்வை: தங்கள் கடிதம். தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படவில்லை. அது பரிசீலனையில் உள்ளது. கீழ்க்காணும் ஒரே ஒரு விளக்கம் மட்டும் கோரப்படுகிறது: அந்தத் திங்கட்கிழமை அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?'

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வெற்றுத்தாளில் போட்டுப் பார்த்தேன். நாலு விநாடி. அதில் இரண்டு, தோகைக்கு.

பதினோரு வருடங்களாக ஊரையே விளக்கம் கேட்டவன் நான். நாள்தோறும் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்கிறேன். 'நாலு விநாடி' என்று எழுதினால் அதன் வயிற்றிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். அதற்கு எழுத என்னிடம் விளக்கம் இல்லை.